விளையாத நிலத்துக்கு ஒரு வக்கீல்

துலுக்காணத்துக்கு ஒரு வேட்டி தனியாக இருந்தது. வருஷத்தில் ஒரு நாள்தான் அதைக் கட்டுவார். ஓரம் கிழிந்து, பழுப்பேறி, முழங்காலுக்கு மேலே ஓர் ஒட்டுப் போட்டிருக்கும். மனைவி செங்கம்மாள் அதைத் துவைக்கவே மாட்டாள். துவைத்தால் வெளுக்கும், வெளுத்தால் காரியம் கெடும். ஜமாபந்தி வேட்டி என்று வீட்டில் அதற்குப் பேர்.

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே ஈச்சந்தாங்கல் என்கிற சின்ன ஊர் அவருடையது. மேற்கே ஏரி. ஏரிக்குக் கீழே கொஞ்சம் நல்ல வயல். கிழக்கே போகப் போக மண்ணில் உப்புப் பூத்திருக்கும். வெயில் காலத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ சுண்ணாம்பு தெளித்துவிட்டுப் போனது போலத் தெரியும். அந்த உவர் மண்ணில் பயிர் வளரும், கதிரும் வரும், கதிரில் பால் பிடிக்காது. அப்படிப் பதராய்ப் போன பயிருக்குச் சர்க்கார் கணக்கில் சாவி என்று பேர். சாவி என்று மெய்ப்பித்துவிட்டால் அந்த வருஷத்து நிலத்தீர்வையைத் தள்ளிக் கொடுப்பார்கள். மெய்ப்பிக்க வேண்டிய இடம் பொன்னேரி தாலுகா ஆபீஸ். நாள், ஜமாபந்தி. பெரிய அதிகாரி மேஜை போட்டு உட்கார்ந்து ஊர் ஊராகக் கணக்குப் பார்ப்பார்.

ஈச்சந்தாங்கலில் பல வருஷம் உண்மையிலேயே சாவிதான். மற்ற வருஷங்களுக்குத் துலுக்காணம் இருந்தார்.

அழமாட்டார். அழுதால் அதிகாரிகளுக்கு எரிச்சல் வரும் என்று இளவயதிலேயே கண்டுகொண்டார். முதலில் ஒரு பெருமூச்சு. நெஞ்சுக்குழியிலிருந்து எழும்பி, தொண்டையில் கொஞ்சம் தங்கி, வேண்டாவெறுப்பாக வெளியே வரும் பெருமூச்சு. அதற்குப் பிறகு குரலை உயர்த்தாமல், யாரையும் குறை சொல்லாமல், ஏதோ பக்கத்து ஊர்க்காரன் கஷ்டத்தைச் சொல்வது போல ஊர்க் கதையைச் சொல்வார். அறுபதுகளில் வந்த அதிகாரிகளில் ஒருவர் நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டதாக ஊரில் இன்றும் சொல்வார்கள்.

"நைனா மட்டும் சினிமாவுல பூந்திருந்தா, மத்தவன்லாம் ஊட்டுக்குப் போயிருப்பான்" என்பான் பக்கத்து வயல்காரன் யேசுதாஸ். "அந்தப் பெருமூச்சுக்கே தனியா டிக்கெட் போட்லாம்."

பொய் என்று யாரும் அதை நினைக்கவில்லை. விளைந்ததை விளைந்தது என்று வாய்விட்டுச் சொல்கிற வழக்கமே அந்த ஊரில் இல்லை. களத்தில் நெல்லைக் குவித்து மரக்காலால் அளக்கும்போது ஒன்று என்று எண்ணமாட்டார்கள், லாபம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். எவ்வளவு கண்டது என்று சம்பந்தி வந்து கேட்டாலும், "இன்னாத்த கண்டுச்சு, சொமார்தான்" என்பதுதான் பதில். கண் பட்டுவிடும். கண் படாவிட்டாலும் கடன் கேட்டு யாராவது வருவார்கள். சர்க்காருக்கும் அதையே சொன்னார்கள், அவ்வளவுதான்.

அவருடைய தங்கை கன்னியம்மாவுக்கு இந்த நாடகத்தில் ஒரு பங்கு உண்டு. வேப்பம்பட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவள் மூன்றே வருஷத்தில் தாலியறுத்துத் திரும்பி வந்தாள். குழந்தை இல்லை. அப்பா பாகத்தில் அவளுக்கென்று ஒரு துண்டு நிலம் விட்டார்கள். கிழக்குக் கோடியில், கால்வாய் ஓரத்தில், உள்ளதிலேயே அதிக உப்பு பூத்த துண்டு. பாகம் பிரித்தவர் துலுக்காணம்தான். ஒண்டிக்கட்டைக்கு இது போதும் என்று அப்போது தோன்றியது.

கன்னியம்மா அதையே வாங்கிக்கொண்டாள். கோடையில் ஏரி வற்றினால் கூடையை எடுத்துக்கொண்டு போய் வண்டல் சுமந்தாள். வரப்பை இடுப்புயரம் ஏற்றினாள். மழைத் தண்ணீரைக் கட்டி நிறுத்தி, உப்பு கரைந்ததும் கால்வாயில் வடியவிட்டு, மறுபடி கட்டினாள். கொழிஞ்சி விதைத்து அது பூக்கும் முன்பே தழையுரமாகச் சேற்றில் மிதித்தாள். ஊர் சிரித்தது. அப்புறம் சிரிப்பதை நிறுத்தியது. எப்போது என்று யாருக்கும் ஞாபகமில்லை, கிழக்குப் பக்கத்திலேயே கனத்த கதிர் சாய்கிற வயல் அவளுடையதாகிவிட்டது.

அப்படியும் ஜமாபந்திக்கு அண்ணன் கூடப் போவாள். முக்காடு போட்டுக்கொண்டு ஓரமாக நிற்பாள். "இதோ, புருசன் போன பொம்பள சாமி, இதுக்கு இன்னா வழி" என்று துலுக்காணம் கைகாட்டும் இடத்தில் மெல்ல இருமுவாள். திரும்பி வரும்போது ரயிலில் வேர்க்கடலை வாங்கித் தின்றுகொண்டே, "இந்த வாட்டி நல்லா இருமுனேனா, அண்ணா?" என்று கேட்பாள். "கொஞ்சம் ஜாஸ்தி. காசநோய்னு நெனச்சிக்கப் போறாரு" என்பார் துலுக்காணம். கவரப்பேட்டை தாண்டும்வரை இருவரும் சிரித்துக்கொண்டே வருவார்கள்.

எழுபத்திரண்டாம் வருஷம் அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்ற நாளில், முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு ஜீப் வந்தது. இறங்கியவர் ஸ்பெஷல் தாசில்தார் என்று கர்ணம் மணவாளன் காதோடு சொன்னார். ஊர்க்கணக்கு எழுதுபவர் அவர்தான்; அவருக்கே அதற்கு மேல் விவரம் தெரிந்திருக்கவில்லை. தாசில்தார் சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். கிழக்கே கைநீட்டி, "பெரியவரே, இந்தப் பக்கம் விளைச்சல் எப்படி?" என்று கேட்டார்.

துலுக்காணம் அன்று வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். அதுதான் அவருக்கு வருத்தமாக இருந்தது. மற்றபடி ஜீப், அதிகாரி, விளைச்சல் என்று மூன்றும் சேர்ந்தால் என்ன செய்வதென்று நாக்குக்குத் தெரியும். பெருமூச்சு வந்தது.

"விளைச்சலா சாமி? ஆடு மேயக்கூட ஆவாது. விதைக்கிற நெல்லு வீட்டுக்குத் திரும்பினா அதுவே பெரிய கொண்டாட்டம். தோ பாருங்க, அந்தக் கோடியில நிக்கிறாளே, என் தங்கச்சி. புருசன் போனவ. அந்த மண்ண நம்பித்தான் கீறா."

கன்னியம்மா தூரத்திலிருந்தே ஜீப்பைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். முக்காட்டை இழுத்துவிட்டு இருமினாள்.

வழக்கமாக இந்த இடத்தில் அதிகாரியின் முகம் வாடும். இவர் முகம் மலர்ந்தது. துலுக்காணம் அதைக் கவனித்தார். புது ஆள், பழக்கமில்லை என்று நினைத்துக்கொண்டார்.

சித்திரையில் தண்டோரா போட்டார்கள். தொழிற்பேட்டை வரப்போகிறது. பொதுக் காரியத்துக்காக ஈச்சந்தாங்கலின் கிழக்குப் பக்கம் முழுவதையும் சர்க்கார் எடுத்துக்கொள்கிறது. ஆட்சேபணை உள்ளவர்கள் இன்ன தேதியில் பொன்னேரிக்கு வந்து சொல்லலாம். கர்ணம் நோட்டீஸைப் படித்து முடித்தார்.

"எத்தினியோ ஊர் கீதே, நம்ம ஊர இன்னாத்துக்குப் புட்ச்சாங்க?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"விளையற நெலத்த உட்டுட்டு விளையாத நெலமாப் பாத்து எடுக்குறாங்களாம்" என்றான் யேசுதாஸ். "ரொம்ப நல்ல மன்சு. நம்ம நைனாதான் கையப் புட்ச்சி இட்டுக்கினு போய்க் காட்டுச்சே."

சிலர் சிரித்தார்கள். துலுக்காணமும் சிரிக்கப் பார்த்தார். கன்னியம்மா சிரிக்கவில்லை. "அண்ணா, நீயே போய்ப் பேசிட்டு வா. நீ பேசுனா கேப்பாங்க" என்றாள். அவள் குரலில் சந்தேகமே இல்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது.

விசாரணை நாளில் ஊரே பாசஞ்சர் ரயில் ஏறியது. கன்னியம்மா பெண்களோடு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். கர்ணம் மணவாளன் துலுக்காணத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒரு வார்த்தை, துலுக்காணம். விளையுதுன்னு மட்டும் அங்கே சொல்லிடாதே."

"பின்ன இன்னாத்த சொல்றது, கர்ணம் ஐயா?"

"மாடு கன்னு இருக்கு, போக்கிடம் இல்லேன்னு சொல்லு. விளையுதுன்னு சொன்னா, இத்தனை வருஷம் சாவின்னு எழுதினது யாருன்னு கேட்பான். எழுதினவன் நான். சொன்னவன் நீ. தள்ளின தீர்வையை எல்லாம் ஊரே திரும்பக் கட்டணும். என் வேலை போகும். அதோட போச்சுன்னா சரி. உன் மேல என்ன கேஸ் வருமோ எனக்குத் தெரியாது."

"தங்கச்சி நெலம் ஐயா அது."

"உன் தங்கச்சி நிலம் ஒண்ணு. இங்கே உட்கார்ந்திருக்கிற சனங்களைப் பாரு."

துலுக்காணம் பார்த்தார். பாதிப்பேருக்கு நிஜமாகவே உவர் நிலம்தான். நஷ்டஈடு வந்தால் போதும் என்று உள்ளுக்குள் நினைப்பவர்கள். எல்லாரும் அவரைப் பார்த்து, நீ இருக்கிறாய் என்பது போலத் தலையசைத்தார்கள். அந்தத் தலையசைப்புகள் முப்பது வருஷமாக அவருக்குப் பழக்கம். அவை இல்லாமல் தான் யார் என்று அவருக்குத் தெரியாது.

தாலுகா ஆபீஸில் அதே சின்ன வயசுத் தாசில்தார். துலுக்காணம் மாடு கன்றைப் பற்றிச் சொன்னார், போக்கிடம் இல்லாததைச் சொன்னார். அவர் பொறுமையாக எழுதிக்கொண்டார்.

"எல்லாம் சரி, பெரியவரே. ஆனா அன்னிக்கு நீங்களே சொன்னீங்க, ஆடு மேயக்கூட ஆகாதுன்னு. கணக்கும் அதைத்தான் சொல்லுது, வருஷா வருஷம் சாவி. நல்ல நஞ்சையைத் தொடக்கூடாதுன்னுதான் இந்தப் பக்கமா வந்தோம். உங்களுக்கு இது நல்லதுதானே?"

அப்போது பின்வரிசையிலிருந்து, "என் நெலம் விளையுது சார்" என்று ஒரு குரல் வந்தது.

கன்னியம்மா முக்காட்டைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றாள். அதிகாரிகள் முன்னால் இருமியதைத் தவிர அவள் ஒரு சத்தமும் எழுப்பியதில்லை. இப்போது தடங்கல் இல்லாமல் பேசினாள். வண்டல் சுமந்ததைச் சொன்னாள், தண்ணீர் கட்டி உப்பை வடித்ததைச் சொன்னாள். "நீங்க வந்தன்னிக்கு அறுத்து முட்ச்சி தாளு நின்னுச்சு சார். அத்தப் பாத்தா ஒண்ணும் தெரியாது. கதிர் நிக்கிறப்போ வந்து பாருங்க. எங்க அண்ணன் சொன்னதுக்கெல்லாம் நானும் கூட நின்னேன். அது தப்புதான். ஆனா நெலம் விளையுது."

தாசில்தார் வரைபடத்தை விரித்தார். விரலால் தேடினார்.

"கால்வாய் ஓரமா? அது எல்லைக்கோட்டு மேலேயே இருக்கு. நிஜமாவே நல்ல நஞ்சைன்னா கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போடலாம். நான் மேலே எழுதறேன். ஆனா கணக்கு வேற மாதிரி சொல்லுது, உங்க வார்த்தை மட்டும் போதாதும்மா." துலுக்காணத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க அண்ணன்தானே? இவங்க சொல்றது நிஜமா?"

நெசம்தான் என்று ஒரு சொல். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். கர்ணம் கணக்குக் கட்டின் கயிற்றை அவிழ்த்து மறுபடி முடிந்தார். ஊர்க்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். யேசுதாஸ்கூட, எதற்கும் வாய் வைத்திருப்பவன், தரையைத்தான் பார்த்தான். துலுக்காணத்துக்கு மூச்சு முட்டியது. முட்டிய மூச்சு பெருமூச்சாக வெளியே வந்தது. அது வந்துவிட்டால் மற்றது தானாக வரும், மாலையில் கொட்டிலுக்குத் திரும்பும் மாடு மாதிரி.

"புருசன் போனதிலேர்ந்து தங்கச்சிக்குப் புத்தி கொஞ்சம் சரியில்ல சாமி. உவர்ல நெல்லு விளையுதுன்னு சொல்லிக்கினே இருக்கும். அதுக்கு ஒரு சந்தோசம், சொல்லிட்டுப் போவட்டும்னு நாங்களும் உட்டுட்டோம். கோச்சிக்காதீங்க."

அவர் பேசியதிலேயே அதுதான் நன்றாக அமைந்தது. ஒரு சொல் கூடுதலில்லை, ஒரு சொல் குறைவில்லை. தாசில்தார் பேனாவைக் கீழே வைத்தார். "அடப் பாவமே" என்றார்.

கன்னியம்மா கத்தவில்லை. அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். இது அவள் இரும வேண்டிய இடமா என்று கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை. அப்புறம் முக்காட்டைப் போட்டுக்கொண்டு பழைய இடத்துக்குப் போய் நின்றாள்.

திரும்பும் ரயிலில் அவள் வேறு பெட்டியில் ஏறினாள். இந்தப் பெட்டியில் யேசுதாஸ் துலுக்காணத்தின் தொடையைத் தட்டினான். "ஊரக் காப்பாத்திட்ட நைனா. பெரிய பேஜாரு ஆயிருக்கும்." அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். யாரோ வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினார்கள். துலுக்காணம் வேண்டாம் என்றார்.

அன்றிலிருந்து அந்தச் சொல் ஊரில் தங்கிவிட்டது. சொன்னது ஆபீஸுக்காக என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும், கடைக்காரன் கன்னியம்மாவுக்கு உப்பு புளி நிறுக்கும்போது குரலைத் தாழ்த்திப் பேசினான். அவளிடம் வாக்குவாதம் வந்தால், "உட்டுத் தள்ளு, அதுக்குத்தான் சரியில்லியே" என்று பெண்கள் முடித்தார்கள். கிணற்றடியில் இரண்டு சிறுமிகள் அவளைப் பார்த்துத் தங்களுக்குள் முணுமுணுத்ததைத் துலுக்காணமே கேட்டார். அதட்டலாம் என்று ஓரடி எடுத்து வைத்தார். என்ன சொல்லி அதட்டுவது என்று தெரியாமல் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"உன் வாய்க்குத் தெரியாத வார்த்தயா?" என்றாள் செங்கம்மாள். "போய் அவ கால்ல உழு."

"உழுந்து இன்னா சொல்றது?"

"எனக்கா தெரியும்? நீதானே ஊருக்கே வக்கீலு."

இரண்டு முறை தங்கை வீட்டு வாசல்வரை போனார். அவள் சண்டை போட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "வா அண்ணா, நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டாள். ஆச்சு என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

நிலம் கைமாறப் போகிறது, இந்தப் போகம் யாரும் நடவேண்டாம் என்று உத்தரவு வந்தது. யாரும் நடவில்லை. கன்னியம்மா நட்டாள். மழை அந்த வருஷம் தவறவில்லை. ஐப்பசியில் கிழக்குப் பக்கம் முழுவதும் கோரையும் வெற்று மண்ணுமாகக் கிடக்க, கோடியில் ஒரே ஒரு துண்டு மட்டும் பச்சையாக நின்றது. ஏரிக்கரை மேலிருந்து எங்கே திரும்பினாலும் அதுதான் கண்ணில் பட்டது. துலுக்காணம் ஏரிக்கரைப் பக்கம் போவதை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு ரோட்டு வழியாகப் போனார்.

தையில் ஜீப்பும் இரண்டு போலீஸ்காரர்களும் புல்டோசரும் வந்தன. ஊர் கால்வாய்க் கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. கன்னியம்மா விடிந்ததிலிருந்து தனியாக அறுத்துக்கொண்டிருந்தாள். ஒரு மூலை மட்டும்தான் முடிந்திருந்தது. கதிர் அவள் இடுப்புக்கு மேலே சாய்ந்து நின்றது.

"நடக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? யாருய்யா அது?" என்று தாசில்தார் கோபமாகக் கேட்டார். போலீஸ்காரர் ஒருவர் வயலுக்குள் இறங்கி அவள் கையிலிருந்த அரிவாளைப் பிடுங்கப் போனார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். தாசில்தாருக்கு அடையாளம் தெரிந்தது.

"அந்தம்மாவா? விடுங்க, விடுங்க. அவங்களுக்குச் சித்தம் சரியில்லே. பாவம், அறுத்துட்டுப் போகட்டும். வண்டியை அந்தக் கோடியிலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க."

புல்டோசர் திரும்பிப் போனது. கன்னியம்மா கரையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள்.

"அண்ணா! இன்னா வேடிக்க பாத்துக்கினு நிக்கிறே? பைத்தியம் அறுக்குது, நீ வந்து கட்டு."

கூட்டம் விலகி வழிவிட்டது. துலுக்காணம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அவள் அறுத்துப் போட்ட அரிகளைச் சேர்த்துக் கட்டினார். ஒவ்வொரு கட்டும் தூக்கும்போது மாரை அழுத்தியது. அதுவரை அந்த வயலின் கதிரை அவர் கையால் தூக்கிப் பார்த்ததில்லை. செங்கம்மாளும் இறங்கினாள், பிறகு யேசுதாஸும் அரிவாளோடு வந்தான். மற்றவர்கள் கரையிலேயே நின்றார்கள். தூரத்தில் வரப்புகள் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டிருந்தன.

பாதி வயல் முடிந்தபோது தாசில்தார் வரப்பு மேல் நடந்து வந்தார். கட்டுகளைப் பார்த்தார். ஒரு கதிரை ஒடித்துக் கையில் வைத்து உருட்டினார். நெற்றி சுருங்கியது.

"பெரியவரே, நல்லா விளைஞ்சிருக்கே. உவர் நிலம்னு சொன்னீங்களே?" கன்னியம்மாவையும் பார்த்தார். அவள் வரிசை பிசகாமல் அறுத்துக்கொண்டிருந்தாள். "இவங்களும் தெளிவாத்தானே வேலை செய்யறாங்க?"

துலுக்காணம் கட்டைக் கீழே வைத்தார். இந்தத் தடவை பெருமூச்சு வரவில்லை. தொண்டை திறந்திருந்தது, வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. என் தங்கச்சிக்கு ஒன்றுமில்லை, சொன்னதெல்லாம் நான் கட்டிய பொய் என்று சொல்லிவிடப் போகிறோம் என்று அவருக்கே தெரிந்தது. அதைச் சொன்னால் நிமிர்ந்து வீட்டுக்குப் போகலாம்.

"சார்..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணா" என்றாள் கன்னியம்மா. தலையைத் தூக்கவில்லை, அரிவாளை நிறுத்தவில்லை. "இன்னும் பாதி கெடக்குது."

அவருக்குப் புரிந்தது. புத்தி தெளிவாக இருக்கிறவள் உத்தரவை மீறி நட்டால் அது குற்றம்; மிச்சக் கதிரையும் அறுக்க விடமாட்டார்கள். போலீஸ்காரர்கள் அங்கேயேதான் நின்றார்கள்.

"இந்த ஒரு வருஷம் எப்டியோ வந்துட்சி சார்" என்றார் துலுக்காணம். "தங்கச்சி... அது அப்டித்தான் சார். கையி வேல செய்யும். புத்திதான் நெலையில இல்ல. ராவும் பகலும் இங்கயே குந்திக்கினு இருக்கும். சொன்னா கேக்காது." ஒவ்வொரு சொல்லையும் தானே தேடி எடுத்து வைக்க வேண்டியிருந்தது. யேசுதாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நல்லாப் பார்த்துக்கோங்க" என்றார் தாசில்தார். "உங்களை மாதிரி ஒரு அண்ணன் இருக்கிறதுதான் அவங்களுக்குத் துணை." கதிரை வரப்பில் வைத்துவிட்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

கன்னியம்மா அறுத்த அரியை அவர் காலடியில் போட்டாள். அவர் குனிந்து கட்டினார். பொழுது சாயும்வரை அவர் நிமிரவில்லை. அவள் முகத்தை நேராகப் பார்க்க வேண்டி வருமோ என்றுதான் நிமிரவில்லை. கடைசிக் கட்டை மாட்டுவண்டியில் ஏற்றி, அவள் மாட்டை ஓட்டிக்கொண்டு ரோட்டில் ஏறிய பிறகுதான் முதுகை நிமிர்த்தினார். புல்டோசர் அதற்குள் பக்கத்து வயலுக்கு வந்துவிட்டிருந்தது. வழியில் நிற்காதே, தள்ளிப் போ என்று ஓட்டுகிறவன் அவரைப் பார்த்துக் கத்தினான். அவர் தள்ளிப் போனார்.